ஜெட் ஸ்கீயில் எரிபொருள் அடைப்பு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நான் வாங்கிய முதல் ஜெட் ஸ்கீ ஒரு பழைய வண்டி. வாங்கிய கையோடு ஐந்து மாதம் கொட்டகையில் மூடிக் கிடந்தது. வெளியே எடுத்த அன்று இரண்டாவது முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆனது. கரையோரமாக மெதுவாக ஓட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. தண்ணீரும் அமைதியாக இருந்தது. சரி என்று திராட்டிலை முழுதாக அழுத்தினேன். அரை நிமிடம் பறந்திருப்பேன், என்ஜின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்து பிரித்துப் பார்த்தால், ஒரு பிஸ்டனின் தலை ஓரம் உருகியிருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன வலை இருக்கும். அதில் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. முழுவதும் அடைத்திருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகியிருக்காது, பிஸ்டனும் பிழைத்திருக்கும்.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். முழு அடைப்பு ஒரு நாளைக் கெடுக்கும், அவ்வளவுதான். அரை அடைப்பு என்ஜினையே கெடுக்கும். மெதுவாக ஓடும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், பாதி மூடிய வலை வழியாகவும் அது வந்துவிடும். முழு வேகத்தில் காற்று நிறைய உள்ளே போகிறது, அதற்கு ஈடான பெட்ரோல் வந்து சேர்வதில்லை. மெக்கானிக்குகள் இதை ‘லீன்’ ஓட்டம் என்பார்கள். அறைக்குள் சூடு எல்லை மீறும். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் கூடவே குறையும். சூடு ஏறுகிற நேரம் பார்த்து வழவழப்பு போய்விடும்.

இன்னொன்று. இந்த அடைப்புகளில் பெரும்பாலானவை வண்டி ஓடும்போது உருவாவதில்லை, நிற்கும்போதுதான் உருவாகின்றன. தினமும் ஓடும் வாடகை வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் ஓட்டுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் வண்டி எந்த வகை?

ஜெட் ஸ்கீ என்பது உண்மையில் கவாசாகி நிறுவனம் வைத்த பெயர். யமஹா தன் வண்டியை வேவ்ரன்னர் என்கிறது, பிஆர்பி நிறுவனத்துடையது சீ-டூ. நாம் எல்லாவற்றையும் ஜெட் ஸ்கீ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். பெயர் எதுவானாலும் எரிபொருள் பாதையைப் பொறுத்தவரை இரண்டு வகைதான் முக்கியம்.

கார்புரேட்டர் வண்டிகள் ஒரு வகை. 1990களில் வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். நின்றுகொண்டு ஓட்டும் யமஹா சூப்பர்ஜெட் 2020 வரைகூட கார்புரேட்டரோடுதான் வந்தது. இன்னொரு வகை, பெட்ரோலை அழுத்தத்தோடு தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். 2002இல் யமஹா எஃப்எக்ஸ்140 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் வரத் தொடங்கிய பிறகு இந்த வகையே பரவலாகிவிட்டது. இடையில் இன்ஜெக்‌ஷன் வைத்த டூ-ஸ்ட்ரோக் மாடல்களும் சில வந்தன. வருடத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

டேங்கிலிருந்து என்ஜின் வரை

அடைப்பைத் தடுக்க வேண்டுமானால் பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

பழைய கார்புரேட்டர் வண்டியில் டேங்குக்குள் இரண்டு உறிஞ்சுகுழாய்கள் தொங்கும். நீளமானது அடிமட்டம் வரை போகும், அதுதான் ரிசர்வ். குட்டையானது வழக்கமான ஓட்டத்துக்கு. இரண்டின் நுனியிலும் வலை இருக்கலாம். அவை இரண்டும் ஆன், ரிசர்வ், ஆஃப் என்று திருப்பும் வால்வுக்கு வந்து சேரும். அடுத்து தண்ணீரைப் பிரிக்கும் சிறு கிண்ணமோ ஒரு ஃபில்டரோ இருக்கும். அப்புறம் பம்ப், பிறகு கார்புரேட்டர். பல வண்டிகளில் பம்ப் கார்புரேட்டரோடு ஒட்டியே இருக்கும். அதற்கு மின்சாரம் கிடையாது. என்ஜின் அடியறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது அழுத்தம் மாறி மாறித் துடிக்கும். அந்தத் துடிப்பு ஒரு சின்னக் குழாய் வழியாக வந்து பம்பின் ரப்பர் தகட்டை ஆட்டுகிறது. அந்தக் குழாயில் விரிசல் விட்டால் எங்கும் அடைப்பே இல்லாவிட்டாலும் பெட்ரோல் குறையும். அடைப்பைத் தேடித் தேடி ஓய்ந்துபோனவர்கள் கடைசியில் இதைக் கண்டுபிடிப்பது உண்டு.

மோட்டார் பைக்கில் இருப்பதுபோல மிதவை வைத்த கிண்ணம் இந்தக் கார்புரேட்டர்களில் கிடையாது. வண்டி அலையில் குதிக்கும், கவிழும். மிதவை அதற்குச் சரிப்படாது என்பதால் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடுதான் ஊசி வால்வைத் திறந்து மூடுகிறது. ஊசி வால்வுக்கு முன்னால் ஒரு வலை. என் பிஸ்டனைத் தின்ற வலை அதுதான். அதைத் தாண்டினால் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டுகள். மெதுவான ஓட்டத்துக்கான ஜெட்டின் துளை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பாதை குட்டை. டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப், அதன் அடியில் ஒரு வலைப்பை, அங்கிருந்து அழுத்தக் குழாய், கடைசியில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். அழுத்தம் மாடலைப் பொறுத்துச் சுமார் 3 முதல் 4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும்.

இரண்டு வகையிலும் பலர் மறந்துவிடும் ஒன்று டேங்கின் காற்றுக்குழாய். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த வழியில் ஒருவழி வால்வு இருக்கும், காற்றை விடும், கவிழ்ந்தால் பெட்ரோலை விடாது. அதன் வாயில் பூச்சி கூடு கட்டினாலோ உப்பு படிந்தாலோ டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பெட்ரோல் நிறைய இருந்தும் வராது.

எது அடைக்கிறது?

வெளியிலிருந்து வரும் மண், தூசி எல்லாம் இந்தக் கதையில் சின்ன ஆட்கள். பெரிய ஆட்கள் மூன்று.

முதலாவது பெட்ரோல்தான். திறந்த பாட்டிலில் வைத்த பெட்ரோலின் வாடை சில மாதத்தில் மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீக்கிரம் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். மீதம் இருப்பதில் ஒரு பங்கு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கோந்துபோல் ஆகும். டேங்கில் 30 லிட்டர் இருக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. கார்புரேட்டருக்குள் தங்குவது சில சொட்டுகள்தான், அவை முழுக்கக் காய்ந்து பித்தளை ஜெட்டின் துளையில் மஞ்சள் வார்னிஷாக ஒட்டிக்கொள்ளும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் நன்றாக இருக்கும்போதே கார்புரேட்டர் அடைத்துப்போவது இதனால்தான்.

இரண்டாவது தண்ணீர். அதோடு கூட்டுச் சேரும் எத்தனால். எத்தனால் கலக்காத பெட்ரோலில் தண்ணீர் கரையாது, அடியில் தனியாக நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஓரளவு வரைதான். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல், சுமார் 15 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீரைத் தாங்கும். 40 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 200 மில்லி, ஒரு டம்ளர். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கிவிடும். குளிர் கூடக்கூடத் தாங்கும் அளவு இன்னும் குறையும். உறிஞ்சுகுழாய் முதலில் இழுப்பது அந்த அடிமட்டக் கலவையைத்தான். மேலே மிதக்கும் பெட்ரோலிலோ ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன்பே தானாக எரியாமல் தாங்கும் திறன், இறங்கியிருக்கும். ஒருமுறை பிரிந்துவிட்டால் எந்த மருந்தை ஊற்றினாலும் பழைய நிலைக்கு வராது.

மூன்றாவது, பலர் சந்தேகிக்கவே மாட்டார்கள்: குழாய். 1990களில் வந்த பல சீ-டூ மாடல்களில் டெம்போ என்ற பெயருள்ள சாம்பல் நிறக் குழாய் போட்டிருந்தது. வயதானால் அதன் உட்சுவர் சிதைந்து பச்சைப் பசையாகும். அந்தப் பசை நேராகப் போய் கார்புரேட்டர் வலையில் உட்காரும். கார்புரேட்டரைக் கழற்றிப் பளபளவென்று துலக்கி மாட்டுவார்கள், இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே பசை வந்து நிற்கும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை. சாம்பல் குழாயைப் பார்த்தால் யோசிக்காமல் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வேறு வண்டிகளிலும் பழைய ரப்பர் குழாய் உள்ளே உரிந்து துணுக்குகளை விடும். வெளிப்பக்கம் பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஜெட் ஸ்கீயின் வயிறு ஒரு மூடிய தொட்டி. கசிந்த ஆவி அங்கேயே அடியில் தேங்கிக் கிடக்கும். அதனால் வேலை செய்யும்போது சீட்டை எடுத்துவிட்டு, திறந்தவெளியில், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து முதல் ஸ்டார்ட் செய்யும் முன் சீட்டைத் திறந்து சில நிமிடம் காற்றாட விட்டு, குனிந்து முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள். பெட்ரோல் போட்ட பிறகும் இதையே செய்யலாம்.

படி 1: பெட்ரோல் போடும்போது

புதிய பெட்ரோல், விற்பனை அதிகமுள்ள பங்க்கிலிருந்து. தொட்டியில் நீண்ட நாள் கிடந்த பெட்ரோலுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள், குறிப்பாக வண்டியைக் கொஞ்ச நாள் நிறுத்தப்போகும் சமயத்தில். கிடைக்காவிட்டால் இ10 (10 சதவீத எத்தனால்) வரை பெரும்பாலான உற்பத்தியாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். இ15, இ20 என்று போகும்போது கையேட்டில் வெளிப்படையாக அனுமதி இருந்தால் மட்டுமே ஊற்றுங்கள். பழைய கார்புரேட்டர் வண்டியின் ரப்பருக்கும் டயாஃப்ரத்துக்கும் கூடுதல் எத்தனால் ஆகாது. போதாக்குறைக்கு, எத்தனால் ஒரு கரைப்பான். வருடக்கணக்காக டேங்கில் ஒட்டியிருந்த பழைய படிவத்தைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து தள்ளிவிடும்.

பங்க்கில் எழுதியிருப்பதில் நம்பிக்கை இல்லையா? அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழலில் 10 மில்லி தண்ணீர் விட்டு, 100 கோடு வரை பெட்ரோலை ஊற்றுங்கள். மூடிக் குலுக்கிவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் 10 கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 19 பக்கம் ஏறியிருந்தால் ஏறக்குறைய 10 சதவீதம். 28ஐத் தொட்டால் 20 சதவீதம். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்ததால்தான் கோடு ஏறுகிறது. சோதனை செய்த பெட்ரோலை டேங்கில் திரும்ப ஊற்றிவிடாதீர்கள்.

கேனிலிருந்து ஊற்றினால் வலை வைத்த புனல் கட்டாயம். தண்ணீரைத் தடுத்து பெட்ரோலை மட்டும் விடும் புனல்களும் கிடைக்கின்றன, அது இன்னும் நல்லது. ஊற்றும் முன் மூடியைச் சுற்றி ஈரத்தையும் மணலையும் துடையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அது தட்டையாகி வெடித்திருந்தால், வண்டியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் டேங்குக்குத் தண்ணீர் காட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கழுத்து வரை நிரப்பவும் வேண்டாம், வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும்.

படி 2: ஒவ்வொரு ஓட்டத்தின்போதும்

தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் உள்ள வண்டியானால் இறக்கும் முன் அதைப் பாருங்கள். அடியில் தெளிவான குமிழ்போல் எதாவது உருண்டால் அது தண்ணீர். கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது அதன் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், மடியாமல் உட்கார வேண்டும். மடிந்தால் பம்ப் பெட்ரோலோடு காற்றையும் இழுக்கும், அதுவும் லீன்தான்.

தண்ணீரில் இறக்கியதும் சில நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு, படிப்படியாக வேகம் ஏற்றுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் நேரே முழு திராட்டில் போகாதீர்கள். நான் படித்த பாடம் அது.

படி 3: சீசனுக்கு ஒருமுறை

குழாயில் இருக்கும் ஃபில்டரை மாற்றுங்கள், சுத்தம் செய்து திரும்பப் போடாதீர்கள். விலை குறைந்த பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம். அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும் கெட்டது, பிசுபிசுத்தாலும் கெட்டது. நுனியைக் கழற்றி உட்சுவரைப் பாருங்கள். பழைய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே கறுப்புத் துணுக்கு இருந்தால் குழாய் உரிகிறது. பச்சைப் பசை இருந்தால் மேலே சொன்ன கதை. வெள்ளைத் தூள் இருந்தால் எங்கோ அலுமினியம் அரிக்கிறது, தண்ணீர் போயிருக்கிறது.

புதிய குழாய் வாங்கும்போது படகுக்கென்று செய்ததை வாங்குங்கள். குழாயின் மேலேயே எஸ்ஏஇ ஜே1527 அல்லது ஐஎஸ்ஓ 7840 என்று அச்சிட்டிருக்கும். மீட்டர் கணக்கில் மலிவாக விற்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், அது சூட்டில் இளகும். கிளாம்பும் ஓரம் மழுங்கிய வகையாக இருக்கட்டும், பட்டை முழுக்கப் பல் வெட்டிய கிளாம்ப் குழாயைக் கடிக்கும். ஒவ்வொரு குழாயாகக் கழற்றி அங்கேயே புதியதை மாட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டு எது எங்கே போனது என்று விழிக்காதீர்கள். போகும், திரும்பும் குழாய்களை மாற்றி மாட்டினால் அடுத்த வாரம் முழுக்க அதற்கே போய்விடும். தொடங்கும் முன் நாலைந்து படம் எடுத்துக்கொள்வது உத்தமம்.

பழைய வண்டியில் ஆன்-ரிசர்வ் வால்வைக் கழற்றி மூன்று நிலையிலும் ஊதிப் பாருங்கள். குறுகிய வழி, பசை அங்கேயும் சேரும். திருப்பவே சிரமமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

காற்றுக்குழாயைக் கழற்றி டேங்கின் பக்கம் மெல்ல ஊதுங்கள், காற்று போக வேண்டும். போகவில்லை என்றால் வால்வு சிக்கியிருக்கிறது.

படி 4: நிறுத்திவைக்கும் நாள்

மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் பெட்ரோலைப் பதப்படுத்த வேண்டும். இதற்கென்று ஸ்டெபிலைசர் திரவம் விற்கிறது. அது பெட்ரோல் ஆக்சிஜனோடு சேர்வதைத் தாமதப்படுத்தும். ஊறுகாய்க்கு உப்பு போடுகிற மாதிரிதான், காய் நன்றாக இருக்கும்போதே போட வேண்டும். ஏற்கெனவே கெட்ட பெட்ரோலில் ஊற்றினால் காசுதான் வீண். அளவு லேபிளில் இருக்கும். கூட்டி ஊற்றினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடைசி ஓட்டம் முடிந்து, வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, டேங்கில் ஸ்டெபிலைசரை ஊற்றி மூடிவிடுவார்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பத்திரம். கார்புரேட்டருக்குள் இருக்கும் அந்தச் சில சொட்டுகள்? அவை பழைய பெட்ரோல்தான். காய்ந்து வார்னிஷ் ஆகப்போவதும் அவைதான்.

அதனால் கடைசி ஓட்டத்துக்கு முன்பே புதிய பெட்ரோலும் ஸ்டெபிலைசரும் ஊற்றிவிட்டு, தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மருந்து கலந்த பெட்ரோல் பாதை முழுக்கப் பரவிவிடும். கொட்டகையில் தோட்டக் குழாயை மாட்டி ஓட்டியும் இதைச் செய்யலாம், ஆனால் அதில் கண்டிஷன் உண்டு. பெரும்பாலான மாடல்களில் முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது தண்ணீரை மூடிவிட்டுப் பிறகு என்ஜினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக என்ஜினுக்குள்ளேயே ஏறிவிடும். சில வண்டிகளில் தோட்டக் குழாய்த் தண்ணீர், சுழல்தண்டைச் சுற்றியிருக்கும் ஷாஃப்ட் சீலுக்குப் போகாது, அது சூடேறும். அதனால் கரையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். பத்து நிமிடக் கணக்கு அங்கே செல்லாது. தண்ணீரில் செய்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா? இரண்டு கட்சி உண்டு. நான் நிரப்பும் கட்சி. விரிய இடம் விட்டு ஏறக்குறைய முழுதாக நிரப்பினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து டேங்கின் சுவரில் வியர்ப்பதும் குறைவு. கிடைப்பது எத்தனால் கூடுதலான பெட்ரோல் மட்டும்தான், வண்டியும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் மட்டும் கட்சி மாறுவேன். அப்போது டேங்கை முழுக்க வடித்துவிடுவது மேல். அரைகுறையாக விடுவது இரண்டிலும் சேர்த்தி இல்லை.

கார்புரேட்டரைக் காய வைப்பது இன்னொரு சண்டை. வால்வை ஆஃப் செய்துவிட்டு, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடச் சொல்வார்கள். கடைசி சில விநாடிகள் லீனாகத்தான் ஓடும், ஆகவே மெதுவான ஓட்டத்தில் மட்டும் செய்யலாம். டயாஃப்ரம் முழுக்கக் காய்ந்தால் விறைத்துப்போகும் என்பதால் நான் இதைச் செய்வதில்லை, பதப்படுத்திய பெட்ரோலை உள்ளேயே விட்டுவிடுகிறேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் மட்டும் இப்படிக் காய விடும் வேலையே கூடாது. அந்த மின்சார பம்புக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் பெட்ரோல்தான் தருகிறது.

கடைசியாக, ஸ்டெபிலைசர் ஊற்றிய தேதியை ஒரு டேப்பில் எழுதி டேங்க் மூடிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எவருக்கும் ஞாபகம் இருக்காது.

படி 5: எழுப்பும் நாள்

முதலில் முகருங்கள். நல்ல பெட்ரோலின் காரம் மூக்கில் ஏறும். கெட்டது பழைய பெயிண்ட் போலப் புளிப்பாக வாடை அடிக்கும். பிறகு, டேங்கின் அடிமட்டத்திலிருந்து கை பம்பால் கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டு அடுக்காக நின்றால் மொத்த டேங்கையும் காலி செய்ய வேண்டியதுதான். நிறம் கறுத்த டீ போல இருந்தாலும் அதே முடிவு. புதியதோடு கலந்து ஓட்டிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். புல்வெட்டும் இயந்திரத்தில் அந்தப் பரீட்சையை வைத்துக்கொள்ளுங்கள், ஜெட் ஸ்கீயில் வேண்டாம்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைப் போட்டதும் பம்ப் ஓரிரு விநாடி ‘ம்ம்’ என்று முனகும். அந்தச் சத்தம் வராவிட்டாலோ வழக்கத்தைவிடக் கீச்சென்று ஒலித்தாலோ ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்காதீர்கள்.

அடைப்பு தொடங்கிவிட்டதா?

நிதானமாக ஓடும்போது ஒழுங்காக இருந்து, திராட்டிலை அழுத்தினால் இழுக்காமல் திணறுகிறதா? அரை அடைப்புக்கு இதுதான் கையெழுத்து. சில எளிய பரீட்சைகள் கரைக்கு வரும் முன்பே பதில் சொல்லிவிடும்.

ரிசர்வுக்குத் திருப்பிப் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் இருந்தும் ரிசர்வில் மட்டும் நன்றாக ஓடினால், வழக்கமான உறிஞ்சுகுழாயோ வால்வின் அந்தப் பக்கமோ அடைத்திருக்கிறது.

திணறும்போது, காற்றைக் குறைத்து பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். வண்டி நிமிர்ந்தால் பெட்ரோல் பற்றாக்குறை உறுதி. ஆனால் ‘சோக்கை இழுத்தபடியே இன்னொரு சுற்று’ என்று போய்விடாதீர்கள். மெதுவாகக் கரைக்குத் திரும்புங்கள்.

டேங்க் மூடியைத் திறந்தால் காற்று ‘ஸ்ஸ்’ என்று உள்ளே இழுக்கிறதா, அதன் பிறகு கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறதா? காற்றுக்குழாய் அடைப்பு. வெயிலில் நின்ற வண்டியில் காற்று வெளியே வருவது சகஜம்தான், உள்ளே இழுத்தால்தான் தவறு.

கரையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறம் என்றால் நிம்மதி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் அந்த சிலிண்டர் லீனாக ஓடியிருக்கிறது. இரண்டு கார்புரேட்டர் வண்டியில் ஒரு பிளக் பழுப்பும் இன்னொன்று வெள்ளையுமாக இருந்தால் எந்தக் கார்புரேட்டர் அடைத்திருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கார்புரேட்டரைத் திறந்தே ஆக வேண்டுமென்றால்

திறக்கும் முன், வெளியில் இருக்கும் சரிசெய்யும் திருகுகளை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே அளவுக்கு வெளியே எடுக்க வேண்டும். கிளீனர் திரவம் அடிக்கும் முன் டயாஃப்ரம், ஓ-ரிங் என்று ரப்பர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், திரவம் பட்டால் அவை ஊதிப்போகும். ஜெட் துளையில் கம்பியோ ஊசியோ விடவே கூடாது. துளை ஒரு நூலளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். கிளீனரில் ஊற வைத்து, அழுத்தக் காற்றால் ஊதினால் போதும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், முழு வட்டமாகத் தெரிய வேண்டும், பிறை நிலவாகத் தெரிந்தால் திரும்ப ஊற வையுங்கள்.

உள்ளே மாற்றும் டயாஃப்ரம், ஊசி வால்வு எல்லாம் கார்புரேட்டர் செய்த நிறுவனத்தின் சொந்த கிட்டாக இருக்கட்டும். மலிவு கிட்டின் ரப்பர் தடிமன் கொஞ்சம் மாறினாலும் ஊசி வால்வு திறக்கும் அழுத்தம் மாறும். இரண்டு கார்புரேட்டர் இருந்து ஒன்று அடைத்திருந்தால் இரண்டையும் செய்யுங்கள். ஒரே குழாயின் பெட்ரோலைக் குடித்தவை அவை. அப்புறம், அடைப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் திரும்ப மாட்டாதீர்கள்.

இன்ஜெக்டரைப் பொறுத்தவரை, அழுத்தத்தில் இருக்கும் குழாயைக் கழற்றுவது புதியவர்களுக்கான வேலை இல்லை. பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். பெட்ரோல் அழுத்தத்தை அளந்து, இன்ஜெக்டரைக் கழற்றிப் பரிசோதித்துச் சுத்தம் செய்யும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வடித்த பழைய பெட்ரோலைத் தண்ணீரிலோ சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. பெட்ரோலுக்கென்று செய்த கேனில் ஊற்றி, மூடி, மேலே ‘பழையது’ என்று பெரிதாக எழுதி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். எழுத மறந்த ஒரு கேனை அடுத்த சீசனில் புதியது என்று நினைத்து நானே டேங்கில் ஊற்றியிருக்கிறேன்.